மடுவத்துப் பாட்டு

என் தம்பி ஜெயரூபன் பாட்டுக் கேட்பதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் பாட்டுக் கேட்பதாகச் சொன்னதில்லை. "ரூபன் இரைச்சல் போட்டுட்டான்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ராக், மெட்டல் என்று அதற்குப் பெயர் இருப்பதையே அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகும் தலைவலி குறையவில்லை.

அவன் பசறையில் ஆட்டோ ஓட்டுகிறான். பின்னேரம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்த கையோடு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போய்விடுவான். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஓடை, அதன்மேல் ஒரு சிறு பாலம். நிறுவை முடிந்து ஆட்கள் போனபின் அங்கே ஈ, காக்காய் இருக்காது. அங்கே உட்கார்ந்து ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்பான். பிறகு போனை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு, "வணக்கம், மடுவத்துலருந்து ஜெயரூபன்" என்று ஆரம்பிப்பான். யூடியூபில் அதைப் பார்க்க மட்டக்களப்பிலும் சென்னையிலும் டொரொண்டோவிலும் ஆட்கள் இருந்தார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நட்சத்திரம், மார்க் எதுவும் அவனிடம் கிடையாது. எல்லாம் தோட்டத்து முறைதான். குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் எங்களுக்கு அன்றைக்கு முழுப்பேர். எடை குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். ஆல்பங்களுக்கும் அவன் அப்படியே பேர் போட்டான். பின்லாந்துக் குழு ஒன்றைப் பற்றி, "ட்ரம்ஸ் அடிக்கிறவன் மட்டுந்தான் வேல செஞ்சிருக்கான். மத்தவனெல்லாம் வெத்தல போட்டுக்கிட்டு நின்னிருக்கான். அரைப்பேர்" என்றான். பிரேசில்காரர்கள் சிலரைப் பற்றி, "பாடுறவன் தொண்ட கிழிய கத்துறான். ஆனா எதுக்கு கத்துறான்னு நமக்குத் தெரியுது. முழுப்பேர்" என்றான். பழைய புகழை வைத்துக்கொண்டு இருபது வருடம் கழித்து மறுபடி சேர்ந்து வந்த ஒரு குழுவுக்குப் பேரே போடவில்லை. "ஈபிஎஃப் காச குடுத்து வீட்டுக்கு அனுப்பிருங்க" என்று முடித்துவிட்டான். மழைச் சத்தத்தோடும் இடியோடும் தொடங்கும் ஆல்பங்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "மழைய நாங்க கேக்காததா?" என்பான்.

இந்தத் தோட்டத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே ரசிகர் நல்லையா மாமா. சொந்த மாமா இல்லை. லயத்துக் கடைசி அறையில், ஓடையோரக் காம்பராவில் இருந்தவர். ஓடைக்கு அந்தப் பக்கம் மடுவம், இந்தப் பக்கம் அவர் வீடு என்பதால், ரூபன் போடுவது முழுக்க அவர் காதில்தான் விழும். எங்கள் லயத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடமும் அவர் வாசல்தான். யாருக்கு அழைப்பு வந்தாலும் அவர் போனுக்குத்தான் வரும். சேதியைக் கேட்டுவிட்டு, வாசலில் நின்று உரத்த குரலில் உரியவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார்.

காலையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருக்கும் ரூபனிடம் அவர் அபிப்பிராயம் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"மாப்ள, நேத்து பாடுனவனுக்கு சளியா?"

"அது அவங்க பாடுற விதம் மாமா."

"விதமோ என்னமோ, கசாயம் வச்சுக் குடிக்கச் சொல்லு. ஆனா போன வாரம் போட்டல்ல, மெதுவா ஆரம்பிச்சு பெரட்டி எடுத்துச்சே, அது நல்லாருந்துச்சு. அத இன்னொரு நாளைக்குப் போடு."

ரூபன் அதையும் யூடியூபில் சொல்லிவிடுவான். "எங்க மாமா இதுக்கு முழுப்பேர் போட்டுட்டாரு. நான் அரைப்பேர்தான். ரெண்டு பேருக்கும் சண்ட" என்பான். முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் மாமா என்ன சொன்னார் என்று எழுதிக் கேட்பார்கள். அதைப் படித்துக் காட்டினால் அவர் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

அவர் மனைவி விஜயலெட்சுமி அத்தை இதற்கு நேர்மாறு. ஸ்பீக்கர் சத்தம் கேட்டதுமே வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "டேய் ரூபா, சத்தத்த கொறைடா! மனுசர் இருக்குறதா ஓடுறதா?" என்று ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போடுவார். சில நாள் பாலத்தைத் தாண்டிப் போயே சண்டை போடக் கிளம்புவார். மாமா ஒரு நாளும் போக விட்டதில்லை. "விடு லெச்சுமி. பய யாருக்கு என்ன கெடுதல் செய்யுறான்?" என்று முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவார். பிள்ளை இல்லாத வீடு. அந்தச் சண்டை நடந்த நாளெல்லாம் அங்கே கொஞ்சம் கலகலப்பாகவே இருக்கும்.

புரட்டாசியில் மாமா தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் தொடை வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். கட்டிலோடு கிடந்தார். இறக்கவோ ஏற்றவோ இரண்டு ஆண்கள் வேண்டும். அந்த நாட்களில் ரூபன் ஒரு ஆல்பம் விடாமல் அவருக்காகவே சத்தத்தைக் கூட்டி வைத்தான். கட்டிலை வாசலோரம் இழுத்துப் போட்டதால் போனும் அவர் தலைமாட்டுக்கு வந்துவிட்டது.

கார்த்திகை மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊவா மாகாணம் முழுவதும் அந்த வாரம் எங்கே எது சரிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் லயத்துக்குப் பின்னால் மேலே இருந்த மலை பிற்பகலில் இறங்கியது. இறங்குவதற்கு முன்னால் சத்தம் வந்தது. அடிவயிற்றைப் பிசைகிற மாதிரி, தாழ்ந்த சுருதியில், விட்டு விட்டு. எங்கள் வீட்டில் அடுப்படியில் இருந்த அம்மா, "இந்த மழையிலயும் ஆரம்பிச்சிட்டானே. எப்ப வந்தான் இவன்?" என்றார். பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். மலைச் சத்தத்தைக் கேட்டு ஓட வேண்டிய நேரத்தில், லயமே என் தம்பியைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது.

ஓடைப்பக்கம் இருந்த காம்பராக்கள் மட்டும் போயின. அவற்றில் கடைசியைத் தவிர மற்றவற்றில் அந்த நேரம் ஆள் இல்லை. கட்டிலில் கிடந்த நல்லையா மாமா போய்விட்டார். அத்தை தப்பியது அதிசயம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி சண்டை போட அவர் மடுவத்துக்குப் போயிருந்தார். மடுவத்தில் ரூபன் இல்லை, யாருமே இல்லை. வெறும் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குப் பின்னால் மலை வந்து விழுந்தது.

ரூபன் அன்று பதுளையில், சிநேகிதன் றிகாஸின் போன் கடையில் இருந்தான். ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதால் அதைக் கொடுக்கப் போனவன், ரோடு மூடியதால் அங்கேயே மாட்டிக்கொண்டான். ரோடு திறந்ததும் நடந்தும் லொறியில் தொற்றியும் வந்து சேர்ந்தான். வந்ததும் முதலில் அவன் காதில் விழுந்தது, "ஒன் பாட்டுன்னு நெனச்சோம்டா" என்ற பேச்சுத்தான். யாரும் அவனைக் குற்றம் சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தேத்தண்ணீர் கொடுக்கும்போது சொன்னார்கள், அரிசி மூட்டை இறக்கும்போது சொன்னார்கள்.

நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். என் தம்பி யாரோடும் பேசவில்லை. யூடியூபில் இருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் அழித்துவிட்டான். றிகாஸ் சாப்பாட்டுப் பார்சல்களோடு பழுது பார்த்த ஸ்பீக்கரையும் கொண்டுவந்தபோது, "கண்ணுல காட்டாத, கொண்டுபோ" என்றான். ஆட்டோவை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போகிறேன், இனி இந்தத் தோட்டத்தில் முழிக்க மாட்டேன் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோடு போட மலையை வெட்டியவர்களை விட்டுவிட்டு, பாட்டுக் கேட்டவன் ஊரை விட்டுப் போவதா என்று கத்தினேன். அவன் காதில் ஏறவில்லை. இன்னொரு மூலையில் விஜயலெட்சுமி அத்தை உட்கார்ந்திருந்தார். மாமாவைத் தோண்டி எடுத்த அன்றுகூட அவர் அழவில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை. இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கருமாதியை அந்த வகுப்பறையிலேயே செய்தோம். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். கருவாட்டுக் குழம்பு, ரொட்டி, கட்டச் சம்பல், வெற்றிலை, ஒரு கால் போத்தல் சாராயம். மாமாவின் தம்பி மகன் விளக்கேற்றப் போனபோது அத்தை வாயைத் திறந்தார்.

"இரு. இன்னும் ஒண்ணு இருக்கு. ரூபன் எங்க?"

வாசற்படிக்கு வெளியே நின்றவனை நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன்.

"ஒன்னோட பாட்டு ஒண்ணு வைய்யி ரூபா. அவருக்குப் பிடிச்சது."

அறையில் சலசலப்பு எழுந்தது. பிள்ளைகள் பயந்துவிடும், அந்தச் சத்தம் வேண்டாம் என்றார்கள் பெரியவர்கள். ரூபன் தரையில் முட்டி போட்டுவிட்டான்.

"வேணாம் அத்தை. என் பாட்டாலதான் ஒருத்தரும் மலைய கேக்கல. நீங்களும் என்னைய தேடித்தான் அவர விட்டுட்டு வந்தீங்க. அத நா எப்படி இங்க போடுறது?"

"நீ ஏன்டா சாகுற? விட்டுட்டு வந்தது நானு." அத்தையின் குரல் கரகரத்தது. "அவரு ஒன் பாட்டுன்னு நெனச்சுக்கிட்டே கண்ண மூடிட்டாரு. அந்த நெனப்போடவே போகட்டும். ஒண்ணு வைய்யி."

ரூபன் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா எப்படி நெனப்பாரு? நா இல்லன்னு அவருக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு மத்தியானம் அவருக்குத்தான போன் எடுத்தேன். ரோடு மூடிட்டாங்க, ஸ்பீக்கரும் இன்னும் சரியாகல, ராவைக்கு றிகாஸ் வீட்டுல தங்குறேன், அம்மாகிட்ட சொல்லிருங்கன்னு சொன்னேன். 'அப்ப இன்னைக்குப் பாட்டு கெடயாதா மாப்ள'ன்னு கேட்டாரு. நீங்க பக்கத்துல இல்லையா?"

"நா பீலிக்குத் தண்ணிக்குப் போயிருந்தேன்." அத்தை மெதுவாகச் சொன்னார். "வந்து கொடத்த எறக்குறேன், அந்தச் சத்தம் கேக்குது. 'என்னங்க இது'ன்னேன். ரூபந்தான்னு சொன்னாரு."

அத்தை படையல் இலையைப் பார்த்தபடியே, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பதுபோலப் பேசினார்.

"'ரொம்ப சத்தமா போட்டுட்டான், போய் கொறைக்கச் சொல்லு'ன்னாரு. 'மழையில எங்க போறது, விடுங்க'ன்னேன். கோவிச்சுக்கிட்டாரு. 'போன்னா போ லெச்சுமி. அவன் கொறைக்கிற வரைக்கும் அங்கயே நின்னு பாத்துட்டு வா'ன்னு வெரட்டுனாரு."

சண்டைக்குப் போகாதே என்று வாழ்நாளெல்லாம் முந்தானையைப் பிடித்து இழுத்த மனிதர், அன்று ஒரு நாள்தான் போ என்று சொல்லியிருக்கிறார். ரூபன் பதுளையில் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். அந்த மழையில் கட்டிலிலிருந்து அவர் கூப்பிட்டாலும் எங்களுக்குக் கேட்காது, அம்மாவுக்கான சேதியே வந்து சேரவில்லை. அவரை நகர்த்த இரண்டு ஆண்கள் வேண்டும். அத்தையால் முடியாது, முடியவில்லை என்று அவரை விட்டுவிட்டு ஓடுகிறவரும் அத்தை இல்லை. மாமா எல்லாவற்றையும் அந்தக் கட்டிலில் கிடந்தபடியே யோசித்திருக்கிறார். ரூபன் போட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டவருக்கா எது பாட்டு, எது மலை என்று தெரியாமல் போகும்?

அத்தை இலைக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அங்கே வைத்திருந்த மாமாவின் படத்தைக் கையில் எடுத்தார். மாமா உயிரோடு எதிரே இருப்பதுபோல, வாசலில் நின்று போடுகிற அதே குரலில் சண்டை பிடிக்கத் தொடங்கினார்.

"பொய் சொல்லி அனுப்புனீங்களா? எங்கிட்டயே பொய் சொல்லி அனுப்புனீங்களா? மலை வருதுன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா நா போயிருப்பேனா? ஒங்க கூடத்தான இருந்திருப்பேன்!"

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையைப் பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை. ரூபன் அவர் மடியில் தலையை வைத்துச் சத்தமாக அழுதான். அத்தை ஒரு கையில் படத்தையும் இன்னொரு கையில் அவன் தலைமயிரையும் பிடித்துக்கொண்டிருந்தார்.