குடைன்னு பதிவான கால்

எங்க அத்தானுக்குச் சிவப்பு ஆகாது. அக்கா புருஷன், வீட்டுல அத்தான், ஆபீசுல சார். ரயில்ல தொலைஞ்ச பொருளெல்லாம் வந்து சேர்ற ஆபீசுக்கு அவர்தான் தலைமை, அங்கே கம்ப்யூட்டர் வேலைக்கு நான். என் தலையெழுத்து.

கிடைச்ச ஒவ்வொரு பொருளைப் பத்தியும் ஸ்டேஷன்லேருந்து விவரமெல்லாம் அடங்கின ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வரும். பை, ஃபோன், கண்ணாடி, குடைன்னு வகைக்கு ஒரு ஸ்கீமா எழுதி வெச்சிருந்தேன்: இன்னின்ன விவரம் இருந்தாத்தான் இது குடை, இல்லைன்னா இல்லை. எதுக்குமே பொருந்தலைன்னா திரையில சிவப்பு விழும். ஆள் போய்ப் பொருளைக் கண்ணால பார்க்கணும். மேலதிகாரிங்க கூட்டத்துல சிவப்பு அசிங்கமாத் தெரியுதுன்னு, நான் லீவுல இருந்தப்போ அத்தான் குடை ஸ்கீமாவுல இருந்த கட்டாயங்கள்ல முக்காவாசியைத் தூக்கிட்டார். நீளம், நிறம், மடங்குமான்னு மூணு இருந்தாப் போதும். அதையே வரிசையில முதல்லயும் வெச்சுட்டார். எந்த ஃபைல் வந்தாலும் முதல்ல குடையான்னு பார்க்கும். பொருந்திச்சா, முடிஞ்சுது, பச்சை. வேலியே பயிரை மேஞ்ச கதைதான். கேட்டா, "மழைக்காலம்மா, குடைதானே அதிகம் வருது"ன்னார். வாய்ல நல்லா வந்துச்சு. அக்கா முகத்துக்காக முழுங்கிட்டேன்.

அன்னிக்குக் காலையில, கொஞ்ச நாளா எங்க ஆபீசுக்கு நடையா நடந்துக்கிட்டிருந்த ஒரு தையல்காரம்மா மறுபடியும் ஊன்றுகோலோட கவுன்டர்ல வந்து நின்னாங்க. நல்ல மழை, தொப்பலா நனைஞ்சிருந்தாங்க. அவங்க தொலைச்சது செயற்கைக் கால். புண்ணு வலிக்குதுன்னு ரயில்ல கழட்டி மேல வெச்சவங்க, இறங்குற நெரிசல்ல விட்டுட்டாங்க. புதுசு செய்ய மாசக்கணக்காகும். நாளைக்கு மெஷின் மிதிக்க வரலைன்னா கம்பெனியில அந்த இடத்துல வேற ஆளை உட்கார வெச்சிடுவாங்களாம்.

"கால்னு எதுவும் வரலைம்மா, சிஸ்டம் சொல்லுது"ன்னார் அத்தான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காம.

"உங்க சிஸ்டம் நாசமாப் போக! நான் விட்ட வண்டி எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பொறுக்கலை. அவங்க சொன்ன வண்டியில கிடைச்ச பொருள்களோட ஃபைல்களை ஒவ்வொண்ணாத் திறந்தேன். ஒண்ணுல வகை குடை, நீளம் ரெண்டரை அடி, நிறம் பழுப்பு, மடங்கும். அதுக்குக் கீழே ஸ்டேஷன்காரர் பாவம், தன் பங்குக்கு ஒரு குறிப்பு போட்டிருந்தார்: "ஷூ போட்டிருக்கு."

"எந்த ஊர்ல சார் குடை ஷூ போட்டுக்குது?"ன்னு கத்தினேன்.

யாரும் தேடி வராத குடைங்களை ஏலக்காரன் லாரியில ஏத்திக்கிட்டிருந்தாங்க. மழையிலேயே முற்றத்துக்கு ஓடினேன். "நிறுத்துய்யா!" கட்டுக் கட்டாக் கருப்புக் குடைங்க, நடுவுல ஒரு ஷூ நீட்டிக்கிட்டிருந்துது. உருவித் தூக்கிக்கிட்டு வந்தேன். தையல்காரம்மா அதை வாங்கி மடியில வெச்சு முட்டியைத் தடவினாங்க.

அதோட விட்டாரா மனுஷன்? ரசீதை நீட்டினார். பொருள், குடைன்னு அச்சாகியிருந்துது.

"என் காலைக் குடைன்னு சொல்லிக் கையெழுத்துப் போடணுமா?"

"கால்னு ஒரு வகையே இல்லை, திருத்தினா சிவப்பு விழும்மா. இஷ்டம்னா போடுங்க, இல்லைன்னா பொருளை வெச்சுட்டுப் போங்க."

"சீ, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"ன்னு வாய் விட்டே கேட்டுட்டேன். அக்கா முகமாவது ஒண்ணாவது.

தையல்காரம்மா என்னைக் கையமர்த்தினாங்க. காலை மாட்டிப் பட்டையை இறுக்கி ரெண்டடி நடந்து பார்த்தாங்க. பேனாவை வாங்கி நிதானமாக் கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் நேராச் சுவரோரம் போய், அங்கே சாத்தியிருந்த அத்தானோட குடையை எடுத்தாங்க.

"ஏம்மா, அது என்னுது!"

"குடைக்குத்தானே கையெழுத்து வாங்கினீங்க? குடையை எடுத்துக்கிட்டேன். கால் எப்பவும் என்னுது, அதுக்கு எதுக்கு ரசீது?"

ஊன்றுகோலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, வாசல்ல குடையை விரிச்சு, மழையில நடந்தே போயிட்டாங்க. அத்தான் வாயைப் பிளந்துக்கிட்டு என் பக்கம் திரும்பினார். நான் ரசீதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்.

"பச்சை, சார்"ன்னேன்.