ஊழியர் டிக்கெட்டில் வந்த சாமி

"இந்தக் கோலத்துல ஏத்த முடியாது சாமி" என்று விமான நிலையக் கவுண்டரில் நான் சொன்னதும் ஓமனக்குட்டன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். வெறுங்கால்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, இருபத்தொன்பது நாள் தாடி. விருச்சிகம், அதாவது கார்த்திகை, பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் எங்கு திரும்பினாலும் இப்படி ஆட்கள்தான். எங்கள் விமானத்திலும் தினம் பத்து இருபது சாமிகள் வெறுங்காலோடு ஏறிப் போவார்கள். ஆனால் அவர்கள் காசு கொடுத்து வருகிறவர்கள். இவர் எங்கள் சாமான் பிரிவு வல்சலாவின் அண்ணன், அவள் எடுத்துக்கொடுத்த ஊழியர் டிக்கெட்டில் வந்தவர். சீட்டு மிஞ்சினால்தான் இடம். அதற்கும் பேன்ட், காலர் வைத்த சட்டை, ஷூ என்று விதி. கம்பெனியின் மானம் ஊழியர் வீட்டாரின் காலில் இருப்பதாக யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். பத்தொன்பது வருஷமாக அந்த மானத்தைக் காப்பாற்றி வந்தவள் நான். முதுகுக்குப் பின்னால் என்னை 'இஸ்திரிப் பெட்டி' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவருடைய மனைவி சுனந்தா டெல்லியில் நர்ஸ். மறுநாள் காலை அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். அவள் பிழைத்து வர வேண்டும் என்றுதான் அவர் மாலை போட்டிருந்தார். உள்ளே கொண்டுபோவதற்கு முன் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கிறிஸ்துமஸ் லீவு நேரம். காசு கொடுத்தாலும் நான்கு நாளைக்கு இடமில்லை. அன்று பிற்பகல் விமானத்தில் மட்டும் இரண்டு சீட்டு மிஞ்சும் போலிருந்தது.

"உஷா சேச்சி, இன்னைக்கு ஒரு நாள் கண்ணை மூடிக்கக் கூடாதா?" என்றாள் வல்சலா.

"இன்னைக்கு மூடினா நாளைக்கு ஒருத்தன் லுங்கியில வந்து நிப்பான்டீ. இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. டிரைவர் பசங்ககிட்ட பேன்ட், ஷூ கேட்டு வாங்கிட்டு வா."

"மாலையோட ஷூ போட மாட்டேன் மேடம்" என்றார் ஓமனக்குட்டன். குரலில் சண்டை இல்லை. "போடணும்னா கழட்டணும்."

"கழட்டுங்க. அவங்களுக்காகத்தானே போட்டீங்க? அவங்களைப் பாக்கறதுக்காகக் கழட்டினா ஐயப்பன் கோவிச்சுக்கவா போறார்?"

ரொம்ப அழகாகப் பேசிவிட்டதாக எனக்கு அப்போது தோன்றியது. அவர் மாலையை விரல்களால் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல மாலை கழட்டறது எதுக்குன்னு மேடத்துக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வீட்டில் சாவு விழுந்தால்தான் பாதியில் கழற்றுவார்கள். தெரிந்துகொண்டே நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மாலையைக் கழற்ற அவர் பக்கத்திலிருந்த சங்குமுகம் தேவி கோயிலுக்குப் புறப்பட்டபோது, "அப்படியே அந்தத் தாடியையும் எடுத்துருங்க, பாக்க நல்லா இருக்கும்" என்றேன். தாடியைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் கிடையாது. அது நானாகச் சேர்த்தது. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஏன் சேர்த்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். கோயில் பூசாரி கையால் மாலையைக் கழற்றி அம்மன் சந்நிதியில் வைத்துவிட்டாராம். மழித்த முகம் வெளுத்துக் கிடந்தது. இரவல் ஷூ கடித்ததால் நடையும் கோணலாக இருந்தது. "இப்பதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். கேட்டில் அவருக்கு முன்னால் நின்றவன் அரை டிராயரும் குளியலறைச் செருப்பும் போட்டிருந்தான். அவனுக்கும் இனிய பயணம் சொல்லித்தான் அனுப்பினேன்.

சுனந்தா ஆபரேஷன் முடிந்து கண் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். டாக்டர்கள் ஏதோ காரணம் சொன்னார்கள், அது எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் அஸ்தியோடு திரும்பி வருவதாக வல்சலா சொன்னாள். எனக்கு அன்று விடுமுறை. ஆனாலும் போனேன். துக்கம் கேட்கப் போனதாகத்தான் நினைத்தேன். என் மேல் தப்பில்லை என்று அவர் வாயால் கேட்கப் போனேன் என்பதே உண்மை. அவர் சிவப்புத் துணி சுற்றிய குடத்தோடு வெளியே வந்தார். வல்சலா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள்.

"கடைசியா முகம் பாக்கவாவது முடிஞ்சுதே" என்றேன்.

"பாத்தேன் மேடம்" என்றார். "அவளும் என் முகத்தைப் பாத்தா. கழுத்தைப் பாத்தா. வீட்ல யாரு போயிட்டாங்கன்னு கேட்டா."

நான் குடத்தின் சிவப்புத் துணியைப் பார்த்தேன்.

"யாரும் இல்லடீன்னேன். அம்மாவான்னு கேட்டா. இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். அப்போ நானான்னு கேட்டா. டாக்டர் உங்ககிட்ட சொல்லிட்டாரா, அதான் கழட்டிட்டீங்களான்னு."

"எங்க விதியைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாம இருப்பேனா? செருப்பில்லாம பிளேன்ல ஏத்த மாட்டாங்க, அதுக்காகத்தான்னேன். அவ பதினாறு வருஷமா ஒவ்வொரு லீவுக்கும் பிளேன்ல வந்துட்டுப் போறவ. எத்தனை சாமிங்களை வெறுங்காலோட பாத்திருப்பா! ஊழியர் டிக்கெட்டுக்கு மட்டும் தனி விதின்னா நம்பவா போறா? உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுன்னு சிரிச்சா. ராத்திரி முழுக்க அப்புறம் ஒண்ணும் கேக்கல. காலைல கொண்டுபோறப்போ என் கன்னத்தைத் தொட்டா, பரவால்லன்னு சொன்னா."

கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். ஆபரேஷனுக்குப் பயம் ஆகாது என்று எங்கோ கேட்டிருக்கிறேன். பயத்தால்தான் அவள் போனாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தான் பிழைக்கப்போவதில்லை என்று புருஷனே முடிவுகட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டே அவள் அந்தக் கதவுக்குள் போனாள். அதற்கு நான்தான் பொறுப்பு. இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அதே விமானத்தில் வந்த சாமிமார் கூட்டம் ஒன்று இருமுடிகளோடு கதவைத் தாண்டி வந்தது. முன்னால் வந்தவர் கையை உயர்த்தி, "சாமியே!" என்று குரல் கொடுத்தார். ஓமனக்குட்டனின் வாயும் பழக்கத்தில் திறந்தது. உடனே மூடிக்கொண்டார். வெறுங்கால்கள் ஒவ்வொன்றாகக் கடந்து முடியும்வரை, குடத்தை மார்போடு அணைத்தபடி, சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார்.