வியாகுல மாதாவின் கூந்தல்

மாதாவுக்குக் காணிக்கையாக வந்த முடியைப் பார்த்ததுமே தெயொலிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பைத் தொடும் இந்தச் சுருள் ஊரில் ஒருத்திக்குத்தான் உண்டு. தையற்காரி சுல்மிரா. கல்யாணமான புதிதில் புருஷன் அன்செல்மோ, "முடின்னா அது சுல்மிரா முடிதான்" என்று சொன்னான் பாருங்கள், அன்றைக்குப் பற்றிக்கொண்ட எரிச்சல் இன்னும் அணையவில்லை. இப்போது அதே முடியைத் தன் கையாலேயே மாதாவுக்குச் சூட்ட வேண்டுமாம்!

பிரான்சிஸ்கன் மடத்துக் கோவிலில் புனித வெள்ளிதோறும் மாதா சுரூபத்துக்கு உடுத்திவிடுவது தெயொலிந்தாவின் உரிமை. அந்த நேரம் சாமியார்கூட உள்ளே வரக் கூடாது. அந்தக் காலத்துக் கரும்பாலை முதலாளிகள் பீடமெங்கும் தங்கம் பூசினார்கள். கல் சுமந்தவர்கள் சுல்மிராவின் முப்பாட்டன்மார், அடிமைகள். சுவரில் லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்த நீல ஓடுகள். அதில் புனித பிரான்சிஸ், தன் தகப்பன் கொடுத்த உடுப்பையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிறார். பழுது பார்த்தவன் ஓடுகளை இடம் மாற்றிப் பதித்ததில் அவர் கை தகப்பன் காதருகே முளைத்திருக்கிறது. தெயொலிந்தாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

சுல்மிரா, தேய்த்து மடித்த மாதாவின் நீல மேலாடையோடு வந்தாள். தலையில் துணி.

"உனக்கென்னடி குறை, மொட்டை போடுற அளவுக்கு?"

"போன வருஷம் ரெசீஃபு பெரியாஸ்பத்திரியில அன்செல்மோ அண்ணனுக்கு டாக்டர் கைவிரிச்சிட்டாருல்லக்கா? அன்னிக்கு நேர்ந்துக்கிட்டது."

"என் புருஷனுக்கு நேர்ந்துக்க நான் இல்லையா? செத்தா போயிட்டேன்?"

"நீங்களும் நேர்ந்திருப்பீங்கன்னுதான் நெனச்சேன்."

தெயொலிந்தா மேலாடையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். அவள் நேர்ந்துகொண்டது ஒரு மெழுகுவர்த்தி. அதையும் இன்னும் ஏற்றவில்லை.

சுல்மிரா போனதும் கூந்தலைச் சீவினாள். பட்டுப்போல வழுக்கியது, பாழாய்ப்போனது. நெற்றியில் ஒரு ஊசி, காதோரம் இரண்டு. உச்சியில் குத்த வேண்டியது மட்டும் கைக்குள்ளேயே தங்கிவிட்டது. வாசல் படியில் சப்பரம் குலுங்கினால் போதும், அத்தனையும் சரிந்து விழும். பார்க்கட்டும் ஊர்.

படியில் குலுங்கியும் கூந்தல் சரியாமலே மாதா வாசலைத் தாண்டினாள். கோவில் முற்றத்துக் கற்சிலுவையடியில் அன்செல்மோ தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. உதடு முணுமுணுத்தது. அவன் பார்ப்பது மாதாவையா, முடியையா? கடற்காற்று அடித்தது. கூந்தல் மெல்ல எழும்பியது. சப்பரத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த தெயொலிந்தாவின் உள்ளங்கையில், குத்தாமல் விட்ட அந்த ஊசி ஏறியிருந்தது. அவள் கையைத் திறக்கவில்லை.