அடுத்த மாசம் வேண்டாம்

தங்கை புருஷனை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். கணக்குத் தீர்க்க ஆபீசில் கூப்பிட்டபோது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், பேச்சு உங்க பொறுப்பு. நான் வாயைத் திறந்தா அழுதுடுவேன். அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் இந்தப் பணத்துலதான் வீடு ஓடணும்."

"விடுங்க மாப்ளே. டைல்ஸ் கடைக்காரன்கிட்ட எவன் பேசி ஜெயிச்சிருக்கான்?"

கண்ணாடி அறை. மனிதவள அதிகாரி அம்மாள் காகிதத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார். ஆறு மாதச் சம்பளம் இழப்பீடு. "அடுத்த மாசம் முதல் வாரம் அக்கவுண்ட்ல வந்துடும்."

அடுத்த மாசமா! அந்தப் பேச்சை நம்பிக் கடையைச் சாத்தியவர்கள் எங்கள் தெருவிலேயே பாதிப்பேர்.

"இந்த மாசமே வேணும் மேடம்."

மேசைக்கடியில் மாப்பிள்ளை என் காலை மிதித்தார். எங்கள் கடையில் அண்ணன் மிதித்தால் 'இறங்காதே, இழுத்துப் பிடி' என்று அர்த்தம். பிடித்தேன். இன்னும் பலமாக மிதித்தார். மனுஷனுக்கு வியாபாரம் வருகிறதே என்று பூரித்துப்போய்க் குரலை உயர்த்தினேன். அம்மாள் மேலிடத்துக்குப் போன் போட்டார். "சரி சார், வெள்ளிக்கிழமையே போட்டுடறோம்" என்று புதுக் காகிதம் எடுத்துவரப் போனார்.

"எப்படி?" என்றேன் மாப்பிள்ளையிடம்.

"கெடுத்தீங்களே மச்சான்! இந்த வரி வருஷத்துச் சம்பளம் முழுசா வாங்கியாச்சு. இதுவும் சேர்ந்தா மூணுல ஒரு பங்கு வரிக்கே போயிடும். அடுத்த மாசம் புது வரி வருஷம், எனக்கோ சம்பளமே இல்ல. வரி கொஞ்சந்தான். கெஞ்சிக் கூத்தாடி நானே வாங்கின தேதி அது!"

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"அதான் மிதிச்சேனே!"

அம்மாள் சூடான காகிதத்தோடு திரும்பினார்.

"மேடம்... பணம் மெதுவாவே வரட்டும்."

"இப்பதானே சார் அந்தக் கத்து கத்தினீங்க? மேலிடத்துல நான் என்னன்னு சொல்றது?"

"வந்தவன் ஒரு கிறுக்கன்னு சொல்லுங்க. பொய்யா சொல்லப் போறீங்க?"

சிரித்துவிட்டார். மறுபடி போன் பேசி, பழைய காகிதத்தையே எடுத்து வைத்தார். மாப்பிள்ளை, நான் மூச்சு விடுவதற்குள் கையெழுத்துப் போட்டார்.

பணம் தரவேண்டியவரிடம் 'லேட்டா குடுங்க' என்று கெஞ்சியது எங்கள் வம்சத்திலேயே நான்தான். கதவருகே திரும்பினேன்.

"மேடம், அதுவரைக்கும் பணம் உங்ககிட்டதானே கிடக்கும்? அதுக்கு ஏதாவது வட்டி..."

மாப்பிள்ளை என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.