இரண்டு தட்டு

நடுப்பகலாகியும் மூடுபனி கலையவில்லை. கடலோரக் காவல் கோபுரத்தின் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. கப்பல்களுக்கு வழி சொல்லும் அவளுக்கு அன்று ரேடார் திரைதான் கண். அதில் அண்ணன் ஓட்டும் பயணிகள் படகு துறையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. எதிரே ஓர் எண்ணெய்க் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. படகில் அம்மாவும் இருந்தாள். வாராவாரம் அக்கரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது போன மழைக்காலத்தில். ஒரு கப்பலுக்குக் குறுக்கே படகை விட்டான் என்று அவள் புகார் எழுத, அவனை ஒரு மாதம் கரையில் உட்கார வைத்தார்கள். “கூடப் பிறந்தவளாடி நீ?” என்று கேட்ட அம்மா அன்றிலிருந்து அவன் கட்சி. அவனோ ரேடியோவில்கூட இவளிடம் வாய் திறப்பதில்லை. இவள் எதைச் சொன்னாலும் பதிலுக்கு மைக் பொத்தானைத் தட்டும் சத்தம்தான் வரும். டக், டக். கேட்டாச்சு, போடி என்று அர்த்தம். சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தத் துறையில் இரண்டு தட்டே போதும் என்று எல்லாரும் பழகிவிட்டார்கள். அவளும்தான்.

“பயணிகள் படகு, சிவப்பு மிதவைகிட்ட நில்லுங்க. எண்ணெய்க் கப்பல் போனப்புறம் தாண்டுங்க. திருப்பிச் சொல்லுங்க.”

டக், டக்.

அன்றைக்கென்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரைக்கு வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ?

“வாயத் திறந்து சொல்லுங்க.”

டக், டக்.

“அதான் தட்டிட்டாரே, விடும்மா,” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். “வீட்டுச் சண்டையைக் கடலுக்கு ஏன் கொண்டு வர்ற?”

“முடியாது சார். அவன் வாயால சொல்லணும். இல்லேன்னா அவன் கேக்கலைன்னுதான் நான் எடுத்துக்குவேன்.”

கடமையுணர்ச்சி எல்லாம் இல்லை, வெறும் வீம்பு. அவன் மேல் இன்னொரு புகார் எழுத வேண்டும், அவ்வளவுதான். படகு கேட்கவில்லை என்று எழுதினால், விதிப்படி கப்பலை விலக்கியாக வேண்டும். விலக்கினாள். வலப்பக்கம் திரும்பச் சொன்னதும் எண்ணெய்க் கப்பல்காரர் எரிச்சலோடு வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொன்னார். மலை மாதிரிக் கப்பல், மெல்லத்தான் திரும்பியது.

படகு மிதவையில் நிற்கவில்லை. கப்பல் திரும்பாமல் வந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ, அந்த இடத்தின் வழியாகவே முழு வேகத்தில் போனது. நாற்காலிக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

சாயங்காலம் அண்ணன் மூச்சிரைக்கப் படியேறி வந்தான்.

“மறுபடியும் புகாராடி? நிக்கச் சொன்னியாம், நான் தட்டினேனாம். நான் பொத்தான்ல கையே வைக்கல!”

“அப்ப தட்டினது யாரு?”

“அதே அலைவரிசையில எவனாவது மீன்படகுக்காரன் வேடிக்கைக்குத் தட்டியிருப்பான். நம்ம சண்டைதான் ஊருக்கே தெரியுமே. உன் குரல் கேட்டாலே நான் சத்தத்தைக் குறைச்சிடுவேன்.”

“இன்னிக்கு மட்டுமா?”

“மழைக்காலத்துலேர்ந்து.”

அவள் எண்ணிப் பார்த்தாள். யாரோ தட்டிய சத்தத்தை நம்பி, வாராவாரம் அம்மாவைக் கப்பல்களுக்கு நடுவே அனுப்பியிருக்கிறாள். புகாரை இழுத்து, அவன் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள்.

“வா. ரெண்டு பேரும் சேர்ந்தே கரையில உக்காருவோம்,” என்றாள். “அம்மாவுக்கு நீயே சொல்லு.”