மங்கிய சிவப்பு

ஒச்சம்மாளின் கண்ணை நம்பித்தான் வெள்ளியங்கிரியின் பனியன் கம்பெனி நடந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் செக்கிங் டேபிளில் அவள் நின்றவரைக்கும் முதலாளி நிம்மதியாகத் தூங்கினார் என்பது உண்மை.

சாயப்பட்டறையிலிருந்து ஒரே நிறத்துத் துணி இரண்டு மூன்று தவணையாக வரும். பெயருக்குத்தான் ஒரே நிறம்; தவணைக்குத் தவணை கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். வெட்டும் இடத்தில் அவசரத்தில் அவற்றைக் கலந்துவிட்டால், பனியனின் உடம்பு ஒரு சிவப்பிலும் கை இன்னொரு சிவப்பிலும் தைத்து வந்துவிடும். ஷேடு அடிக்கிறது என்பார்கள். மற்ற பெண்கள் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பதை, ஒச்சம்மாள் துணியைப் புரட்டும் வேகத்திலேயே கண்டுபிடித்துத் தூக்கி வீசிவிடுவாள். தைத்த டெய்லர்களெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். அதில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் அழகுமலையும் ஒருவன். இருவரும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. வீட்டில் சாவு விழவில்லை, சண்டை இல்லை, யாரும் ஏமாற்றிவிட்டுப் போகவும் இல்லை. காரணம் ஒன்று இருந்திருந்தால் லைன் வீட்டுப் பெண்களெல்லாம் வந்து உச்சுக்கொட்டியிருப்பார்கள். காரணமில்லாத துக்கத்துக்கு உட்கார ஒரு பலகைகூட யாரும் போட மாட்டார்கள். சோறு தொண்டையில் இறங்கவில்லை. காலையில் எழுந்து முகம் கழுவுவதே பெரிய பாடாக இருந்தது. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியாதடி, வெளங்காது" என்று சொல்லி அழகுமலை தன் வைத்தியத்தை முடித்துக்கொண்டான்.

அப்புறம்தான் நிறங்கள் போயின. சிவப்பு சிவப்பாகத்தான் தெரிந்தது, ஆனால் பல தடவை துவைத்து வெயிலில் போட்டதுபோல. உடம்பும் கையும் காலரும் எல்லாம் ஒன்றுபோலக் கிடந்தன. டியூப்லைட் மங்கிவிட்டது என்று நினைத்தாள். மாற்றச் சொன்னாள், மாற்றினார்கள். புது டியூப்லைட்டும் மங்கலாகவே எரிந்தது. அதற்கு மேல் யாரிடமும் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு மெரூன் ஆர்டர் போயிற்று. வெளிநாட்டுக்காரனுக்காகச் சரக்கைச் சோதிக்கும் ஆள் பெட்டியைத் திறந்தான். எடுத்த பனியன் எல்லாவற்றிலும் கை வேறு, உடம்பு வேறு. சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. வெள்ளியங்கிரி சத்தம் போடவில்லை.

"கண்ணுல என்னமோ கோளாறுங்க அம்மிணி. கல்யாண மண்டபத்துல கண்ணு கேம்ப் போட்டிருக்காங்க. போய்க் காட்டிப்போட்டு வாங்க. கண்ணாடி போட்டாச் செரியாப் போயிரும்" என்றார்.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்ற அந்தப் பேச்சை ஒச்சம்மாள் இறுகப் பிடித்துக்கொண்டாள். கேம்ப்பில் இளவயது டாக்டர் எழுத்துகளைக் காட்டினார். கடைசி வரிவரை படித்தாள். நிறப்புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைக் காட்டினார், அவற்றையும் சொன்னாள். டார்ச் அடித்துக் கண்ணுக்குள் பார்த்தார்.

"கண்ணு பிரமாதமா இருக்கேம்மா."

"இல்லைங்க, எல்லாம் வெளுத்தாப்பல தெரியுதுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு வேறு கேள்விகள் கேட்டார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். "மனசு ரொம்ப ஒடுங்கிப்போனா கண்ணும் மங்கலாத்தாம்மா பார்க்கும். இது நீ வேணும்னு பண்றதில்ல. மனநல டாக்டரப் பாரு, மாத்திரையில சரியாகும்" என்றார். யாரோ தன்னை நம்பியதில் ஒச்சம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற அழகுமலைக்கு முகம் செத்துவிட்டது.

"பைத்தியக்கார டாக்டரா? சும்மா ஒரு கண்ணாடி எழுதிக் குடுத்துருங்க சார்" என்று கெஞ்சினான். டாக்டர் மறுத்துவிட்டார். அழகுமலை அசரவில்லை. வழியிலேயே ஒரு கடையில் நுழைந்து பவர் இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றை வாங்கி அவள் மூக்கில் மாட்டினான்.

"போட்டாலும் அப்படியேதேன் தெரியுது."

"தெரியும், தெரியும். தெரியுதுன்னு நெனச்சுக்க."

கம்பெனியில் எல்லோருக்கும் சந்தோஷம். "இப்பத் தெளிவாத் தெரியுதுங்களா அம்மிணி?" என்று வெள்ளியங்கிரி கேட்டார். புருஷன் முறைத்துக்கொண்டு நிற்க, "தெரியுதுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

தை பிறந்ததும் குழந்தைகளுக்கான இளம்பச்சைச் சட்டைகள் வந்தன. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். சந்தேகம் வந்ததையெல்லாம் ஒதுக்கினாள். நல்லதெல்லாம் ஒதுங்கிற்று, ஷேடு அடித்ததெல்லாம் பெட்டிக்குள் போயிற்று. சரக்கு மறுபடி திரும்பியது. இந்த முறை வெள்ளியங்கிரியின் பொறுமையும் உடைந்துவிட்டது.

"கண்ணு தெரியாதவங்கன்னா பாவம்ங்கலாம். கண்ணாடியும் போட்டாச்சு, தெரியுதுன்னும் சொன்னீங்க. அப்பறமும் இப்படின்னா என்னுங்க அர்த்தம்? ஆரு சொல்லி என்ற பொழப்பக் கெடுக்கறீங்க?"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒச்சம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பேச வேண்டும்போல் இருந்தது. "இது பொய்க் கண்ணாடிங்க. டாக்டர் சொன்னாருங்க, எனக்கு மனசுல..."

"திமிருங்க மொதலாளி!" அழகுமலை மிஷினை விட்டு ஓடிவந்தான். "அம்புட்டும் திமிரு. வேலை செய்ய ஒடம்பு வணங்கல, வேணும்னேதேன் விட்டுருக்கா. நானே சொல்றேன், இவள நிப்பாட்டிருங்க."

கட்டியவனே சொன்ன பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? அவளை அப்போதே அனுப்பிவிட்டார்கள். அழகுமலை மிஷினுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தைத்தான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? பைத்தியம்னு சொல்லச் சொல்றியா? திமிர் புடிச்சவளுன்னா இன்னொரு கம்பெனிக்காரன் சேத்துக்குவான். பைத்தியம்னா எவன் சேப்பான்? என்னையுமில்ல தொரத்துவான்!"

அவன் சொன்னதில் பாதிக்கு மேல் நிஜம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"எனக்கு எதுவுமே சரியாத் தெரியலங்க. உங்க மொகங்கூட."

"கண்ணு பிரமாதமா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல? நாளைக்கு அவிநாசி ரோட்டுல ஒரு கம்பெனியில செக்கிங்குக்கு ஆள் எடுக்குறாங்களாம், கூட்டிட்டுப் போறேன். அழுகாத, கண்ணத் தொடச்சுக்க."

ஒச்சம்மாள் அழவே இல்லை. இரண்டு முழம் தள்ளி, விளக்கு வெளிச்சத்தில் அவளைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னான்.