'வரேன்' இல்லாத வார்த்தை

உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, அது எரிந்து அணையும்வரை நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கூட்டிச் சொன்னது எதுவும் கிடையாது. எங்காவது குறைத்திருந்தால், கேட்கிறவர்கள் பயந்து சோறு இறங்காமல் போய்விடக் கூடாதே என்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டு. கடல் தாண்டிப் பிழைக்கப் போன நம்மவர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்பில் புஷ்பவல்லி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் அய்யாவு சரக்கு ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவன். டிரைவராகிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குத் துரை கேட்பதற்கு இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். ஆகவே, ரயில் ஆபீசில் எழுத்து வேலை பார்த்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் கிராணி சண்முகரத்தினத்திடம் மாலைதோறும் ஒரு வார்த்தை வாங்கி வருவான். வாங்கியதை மறுநாள் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பான். 'வாட்டர்' வாங்கிய மறுநாள் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் மிஞ்சவில்லை.

அதே வாரத்தில் இன்னொருநாள் காலை வானம் கறுத்துக் கிடந்தது. காக்கைகள் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அய்யாவு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினான். எப்போதும் 'போய்ட்டு வரேன்' என்கிறவன், அன்று கையை ஆட்டி 'குட்பை' என்றான். நடந்துவிட்டான்.

மிச்சச் சொல் வரும் என்று புஷ்பவல்லி நின்றாள். மிச்சம் வரவில்லை. அவன் முதுகு மட்டும் சந்து திரும்பிற்று. கூப்பிடலாம் என்றால், கிளம்பினவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் விளங்காது. அது அந்தத் தெரு நாய்க்கும் தெரியும். அவள் நேரே கிராணி வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, குட்பைன்னா என்ன?"

சண்முகரத்தினம் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். "பிரிஞ்சு போகேக்க சொல்லுறது, பிள்ளை."

"போறேன்னு அர்த்தமா?"

"ஓம். அப்படித்தான்."

"அதுல வரேன் எங்க இருக்கு?"

கிராணியின் கை நெற்றியிலேயே நின்றது. இத்தனை வருஷம் இங்கிலீஷ் எழுதியவர், அந்த வார்த்தைக்குள் நுழைந்து மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பார்த்தார். "வரேன் இல்லை," என்றார் மெதுவாக. "ஆனா நல்ல சொல்லுத்தான். கடவுள் உன்னோட இருக்கட்டும் எண்டதுதான் அதின்ர மூலம்."

"அப்ப சொல்றவரு இருக்கமாட்டாரா?"

சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி கனகேஸ்வரியின் குரல் வந்தது. "அவள் கேக்கிறது நியாயந்தானே? உங்கட பழைய துரை குட்பை சொல்லித்தானே கப்பல் ஏறினவர். கப்பல் போய்ச் சேர்ந்தது. துரை சேரேல்லை."

"அது காய்ச்சல்," என்றார் கிராணி.

"செந்தூலில் ஒருத்தன் மைனாவுக்கு அதைப் பழக்கினவன். மைனா திருத்தமாச் சொன்னது. விடிய எழும்பிப் பாத்தா, கூடு பூட்டினபடி கிடக்கு. மைனா இல்லை. ஒரு இறகுகூட இல்லை. அதுக்கும் காய்ச்சலோ?"

அய்யாவுக்கு அந்த வார்த்தையைக் கொடுத்தவர் கிராணிதான். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பின்னால போய்க் கூப்பிடாதை, பிள்ளை. முன்னால போ," என்றார்.

முன்னால் போவதென்றால் ரயிலுக்கு முன்னால் போக வேண்டும். அய்யாவு ஏறும், கிள்ளான் போகும் சரக்கு வண்டி தண்ணீர் பிடித்துக் கிளம்ப நேரமெடுக்கும். புஷ்பவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லாலான் புல்லுக்குள் குறுக்கே விழுந்து பங்சார் பக்கத்து ரயில் கேட்டுக்கு ஓடினாள். கேட்காரர் தம்புசாமி பச்சைக் கொடியோடு நின்றார். தூரத்தில் புகை தெரிந்தது.

"அண்ணே, சிவப்பு காட்டுங்க."

"வெளையாடுறியா? வேலை போயிரும் லா."

"வீட்டுக்காரரு வெறும் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாருண்ணே."

தம்புசாமிக்கு அது போதும். பச்சையைக் கீழே போட்டுவிட்டு, சிவப்பை எடுத்து இரண்டு கையாலும் ஆட்டினார்.

பிரேக் போட்ட சத்தத்தில் பல் கூசியது. இன்ஜின் அவள் மூக்குக்கு முன்னால் வந்து பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் கார்த்திகேசு எட்டிப் பார்த்தார். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவர், எதற்கும் அசையாதவர்.

"என்ன பகிடி இது?"

அவருக்குப் பின்னாலிருந்து கரி அப்பிய முகத்தோடு அய்யாவு தலையை நீட்டினான். "ஏ புள்ள, என்னாச்சு?"

"பாதியில விட்டுட்டு வந்துட்டீங்க. முழுசாச் சொல்லிட்டுப் போங்க."

"டிரைவர் பாக்குறாரு, புள்ள."

"பாக்கட்டும். சொல்லாம வண்டி நகராது."

அய்யாவு டிரைவரைப் பார்த்தான். தம்புசாமியைப் பார்த்தான். தம்புசாமி, 'சொல்லித் தொலையேன்' என்பது போலக் கொடியை ஆட்டினார். "போய்ட்டு வரேன்," என்றான் அய்யாவு, வாய்க்குள்ளேயே.

"ம். போய்ட்டு வாங்க." அவள் விலகி நின்றாள். அப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது.

கார்த்திகேசுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விசிலை ஊதினார். இன்ஜின் நகரும்போது தொப்பியைக் கழற்றி, துரைமார் பாணியில் அவளுக்குக் குனிந்து, "குட்பை, மேடம்," என்றார்.

தம்புசாமியின் கொடி தாழ்ந்தது. அய்யாவு டிரைவரை விட்டு மெல்ல நகர்ந்து, கரிக் குவியலை ஒட்டி நின்றுகொண்டதை அவள் பார்த்தாள்.

சாயங்காலம் மழையில் அய்யாவு வந்தான். தூக்கைத் திறக்கவே இல்லை. பாயில் உட்கார்ந்து சொன்னான்.

"பத்து தீகா ஸ்டேசன் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள்ள போய்ட்டிருந்தோம். ஒரு மம்பட்டி கரி அள்ளக் குனிஞ்சேன். நிமிந்தா டிரைவர் இல்ல."

"விழுந்துட்டாரா?"

"தண்டவாளத்தோட போய்த் தேடிட்டாங்க. பொட்டு ரத்தம் இல்ல. தொப்பி ஆணியில தொங்குது. குவளையில தேத்தண்ணி ஆவி பறக்குது. நான் எதையும் தொடல, புள்ள. கைப்பிடி தானா திரும்பிச்சு. கிள்ளான் ஸ்டேசன்ல வழக்கமா நிக்கிற எடத்துல வண்டி தானா நின்னுச்சு."

துரை வந்து விசாரித்தார். அய்யாவு தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் சொன்னான். தனியாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவன் என்று அவனையே டிரைவராகப் போட்டார்கள். சண்முகரத்தினம் அதன்பிறகு யாருக்கும் வார்த்தை கொடுக்கவில்லை. ஆபீசில் துரை வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கிராணி மேசைக்கடியில் குனிந்து பேனாவைத் தேடுவார். பத்து தீகா தாண்டியதும் அய்யாவு ஒருநாளும் குனியமாட்டான். குனிந்தவனுக்குப் பக்கத்தில் யாரோ தேத்தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்கும் என்பான்.

அந்த இருபத்தேழாம் ஆண்டு தை பிறந்ததிலிருந்து மார்கழி முடியும்வரை புஷ்பவல்லி பிரிக்பீல்ட்ஸிலேயே இல்லை; கடலுக்கு அந்தப் பக்கம் நாகப்பட்டினத்தில் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்தாள்.